கறவை மாட்டின் மடிநோயும் ஒட்டும் கிருமிகளும்

கறவை மாடு வளர்ப்போர் அறிந்த நோய்களுள், போய்விட்டது என்று எண்ணியிருக்கையில் மீண்டும் வந்து நிற்பதில் மடிநோய்க்கு இணையானது வேறில்லை. மாட்டின் ஒரு காம்பில் பால் திரிந்து வருகின்றது. மடியின் அப்பகுதி வீங்கிச் சூடேறுகின்றது. கால்நடை மருத்துவர் வந்து காம்பின் வழியே மருந்து செலுத்துகிறார். மூன்று நான்கு நாட்களில் வீக்கம் வடிந்து பால் பழைய வெண்மையைப் பெறுகின்றது. ஒரு மாதம் சென்றபின் அதே காம்பில் அதே நோய் தலைகாட்டுகின்றது. மருந்து போலி என்று மாட்டுக்காரர் ஐயுறுகிறார். பாலை ஆய்வுச்சாலைக்கு அனுப்பிப் பார்த்தாலோ, இக்கிருமி இம்மருந்துக்குக் கட்டுப்படுவதே என்று அறிக்கை வருகின்றது. பெரும்பாலான சமயங்களில் மருந்தும் போலியன்று; அறிக்கையும் பிழையன்று. அவ்வாறாயின் இம்முரண்பாடு எங்கிருந்து எழுகின்றது என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் பகுதிகள் இரண்டு உள. ஒன்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி முதலிய ஊர்கள் அடங்கிய வறண்ட சமவெளி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களைச் சார்ந்த மலைநாடு. முன்னதில் மழை குறைவு. ஆகவே பயிரோடு பாலும் குடும்பத்தைத் தாங்குகின்றது. பின்னதில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் தொழிலாளர், கூலிக்குத் துணையாக ஒன்றிரண்டு பசுக்களை வைத்திருத்தல் வழக்கம். இவ்விரு பகுதிகளிலும் இந்நோய்க்கு மக்கள் பெரிதும் வழங்கும் பெயர் மலையாளத்திலிருந்து வந்த ‘அகிடுவீக்கம்’ என்பது. அகிடு என்றாலும் மடி என்றாலும் பொருள் ஒன்றே. களப்பணியாளர் எவ்வூரில் எச்சொல் வழங்குகின்றதோ அதனையே ஆளுதல் நன்று.

இப்பகுதிகளின் பால்வளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1963இல் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கப்பெற்றது. பிரவுன் சுவிஸ் காளைகளை நாட்டுப் பசுக்களோடு சேர்த்து ஈன்ற கலப்பினமே பின்னர் ‘சுனந்தினி’ எனப் பெயர் பெற்றது. 1976இல் அமைந்த கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் அப்பணியைத் தொடர்ந்தது. பாலக்காட்டை அடுத்த தோணியிலும் அதற்குப் பண்ணை உண்டு. கலப்பினத்தால் பால் பெருகியது மெய். ஆனால் கறவை மிகுந்த பெருமடி மாடுகள், சிறுமடி கொண்ட நாட்டு மாடுகளைவிட மடிநோய்க்கு எளிதில் ஆட்படுகின்றன. ஒரே ஒரு பசுவை நம்பியிருக்கும் வீட்டில் நான்கு காம்புகளுள் ஒன்று நிலையாகக் கெட்டுப்போவது வருவாயில் பெருங்குறையாக முடியும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெள்ளத்தில் நிற்கும் வித்தை

மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பல. சாணத்திலும் ஈரத்தரையிலும் வாழும் ஈ.கோலை போன்றவை சில. மாட்டுக்கு மாடு கறப்போர் கையாலும் துணியாலும் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை வேறு சில. இவற்றுள் நெடுநாள் மறைந்திருந்து திரும்பத் திரும்பத் தாக்குவதில் பேர்போனது இறுதியிற் கூறிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880ஆம் ஆண்டையொட்டிச் சீழில் இதனைக் கண்டறிந்து, 1882இல் பெயரிட்டார். திராட்சைக் குலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஒவ்வொரு உயிரணுவும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே விட்டமுடைய உருண்டை.

இச்சிறு உருண்டையின் நிலையில் நின்று மடியைக் கருதிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் இருமுறை பால் சுரந்து இறங்கி, காம்பின் வழியே பாய்ந்து வெளியேறுகின்றது. பிடிப்பின்றி மிதக்கும் கிருமி அவ்வெள்ளத்தோடு பாத்திரத்துக்குப் போய்விடும். மடிக்குள் தங்க வேண்டுமாயின் அது முதலில் எதையேனும் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றுதற்குரிய கருவிகளே மேற்புறப் புரதங்கள்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் உடலைச் சுற்றித் தடித்த சுவர் ஒன்று உண்டு. அச்சுவரில் வேரூன்றி வெளியே நீண்டு நிற்கும் புரதவகைகள் இருபதுக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. இவை உள்ளே உருவாகி வெளியே வரும்போது, ஒவ்வொன்றின் வாற்பகுதியிலும் ஐந்து அமினோ அமிலங்களாலான ஓர் அடையாளம் இருக்கும். சார்டேஸ் என்னும் நொதி அவ்வடையாளத்தைக் கண்டு, உரிய இடத்தில் வெட்டி, வெட்டுமுனையைச் சுவரோடு பிணைத்துவிடுகின்றது. தையற்காரர் சட்டையில் பொத்தானைத் தைப்பது போன்ற செயல் இது. இந்நொதியை ஓலாஃப் ஷ்னீவிண்ட் குழுவினர் 1999இல் கண்டறிந்து வெளியிட்டனர்.

இப்புரதங்கள் எதைப் பற்றுகின்றன? மாட்டின் உடற்பொருள்களையே. இரத்தம் உறைதற்குக் காரணமான ஃபைப்ரினோஜன், திசுக்களைப் பிணைக்கும் ஃபைப்ரோனெக்டின், தசைநார்களில் உள்ள கொலாஜன் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பற்றும் புரதங்கள் உள. ஃபைப்ரினோஜனைப் பற்றும் குடும்பத்துப் புரதங்கள் சில செயற்படும் முறை வியப்புக்குரியது. புரதத்தின் இரு பகுதிகளுக்கு இடையே ஒரு பள்ளம் உண்டு. ஃபைப்ரினோஜனின் நுனி அப்பள்ளத்தில் நுழைந்தவுடன், புரதத்தின் ஓர் இழை அதன்மேல் மடிந்து தாழ்ப்பாளைப்போல் அடைத்துக்கொள்கின்றது. இப்பிடியை இழுத்துப் பிரிக்க வேண்டிய விசை, அணுக்களுக்கிடையேயுள்ள வேதிப் பிணைப்பை முறிக்க வேண்டும் விசைக்கு ஏறத்தாழ நிகரானது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவ்வாய்வு செய்யப்பட்டது இக்கிருமியின் நெருங்கிய உறவான தோல்வாழ் ஸ்டாஃபிலோகாக்கஸின் புரதத்தில் என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். எவ்வாறாயினும், கறக்கும்போது பாயும் பாலின் வேகம் இத்தகைய பிடியை அசைக்கப் போதாது.

இங்கு களப்பணியாளர் உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நலமான காம்பின் தோலும், அதன் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துவாரத்தின் உட்புறமும் கொம்புப் பொருளால் மூடப்பட்டவை. கிருமி பற்றுதற்குரிய பொருள்கள் அங்கே வெளித்தெரிவது குறைவு. தோல் வெடித்தாலோ, உட்சவ்வு நசுங்கினாலோ, அடியிலுள்ள கொலாஜனும் ஃபைப்ரோனெக்டினும் வெளிப்படுகின்றன. கசியும் இரத்தநீரில் ஃபைப்ரினோஜனும் வருகின்றது. கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை நெரித்துக் கறக்கும் பழக்கம் தீது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்ததற்கு இப்போது விளங்கும் காரணம் இதுவே. முழுக்கையால் பிடித்துக் கறப்பது காம்பின் உட்புறத்தைக் காக்கின்றது. பாலில் விரலை நனைத்துக் கறப்பது காம்பின் தோலை வெடிக்கச் செய்வதோடு கிருமியையும் தடவி விடுகின்றது.

பற்றுவதோடு இப்புரதங்களின் தொழில் முடியவில்லை. ஃபைப்ரோனெக்டினைப் பற்றிய கிருமியை மடியின் உயிரணு தன்னுள்ளேயே இழுத்துக்கொள்வதுண்டு. உள்ளே புகுந்த கிருமிக்குப் பல மருந்துகள் எட்டுவதில்லை. ‘புரதம் ஏ’ என்று வழங்கும் மற்றொன்று, உடல் அனுப்பும் எதிர்ப்பொருளைத் தலைகீழாகப் பிடித்துவிடுகின்றது. எதிர்ப்பொருளின் கிளைமுனை கிருமியைப் பற்ற, அடிமுனையை வெள்ளணு பற்றி விழுங்குதல் இயல்பு. புரதம் ஏ அடிமுனையையே பிடித்துக்கொள்வதால் வெள்ளணுவுக்குப் பிடி கிடைப்பதில்லை.

படலமாதல்

பற்றிக்கொண்ட கிருமிகள் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டி, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற பொருளைச் சுரந்து அடுக்கடுக்காக அமைகின்றன. இதற்கு ஆங்கிலத்தில் ‘பயோஃபிலிம்’ என்று பெயர். இதனை ‘உயிர்ப்படலம்’ என்று இங்கே எழுதுகிறோம். படலம் என்றவுடன் மெல்லிய தாள்போன்ற ஒன்றை எண்ணிவிடலாகாது. கிணற்றுப் படியில் காலை வழுக்கச் செய்யும் வழுவழுப்பே அதற்கு நெருங்கிய உவமை. அப்பசையில் சர்க்கரைப் பொருள்களும், புரதங்களும், மடிந்த அணுக்களிலிருந்து சிதறிய மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. இழைகளும் கலந்துள்ளன.

இத்துறையில் பெரிதும் பேசப்பட்ட புரதம் ஒன்று முதன்முதல் மடிநோயுற்ற மாட்டிலிருந்தே கிடைத்தது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகலாம். ஸ்பெயின் நாட்டில் கார்மெ குகரெல்லா, ஹோசே பெனாதெஸ், இன்யிகோ லாசா ஆகியோரும் உடனுழைத்தோரும், பசுவின் மடியிலிருந்து பிரித்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகை ஒன்று கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் மிக அடர்த்தியாக ஒட்டுவதைக் கண்டனர். அதன் மரபணுக்களை ஆங்காங்கே குலைத்துப் பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட மரபணு குலைந்தவை ஒட்டும் திறனையே இழந்துவிட்டன. அம்மரபணு ஆக்கும் புரதம் 2,276 அமினோ அமிலங்கள் கோத்த மிகப்பெரும் புரதம். ‘பேப்’ எனப் பெயரிடப்பட்ட அதனைப் பற்றிய கட்டுரை 2001இல் வெளிவந்தது. 2004இல் வந்த தொடர் ஆய்வு, பேப் உள்ள வகைகள் பசுவின் மடியில் நிலைத்துத் தங்குவதில் வல்லவை என்று தெரிவித்தது. 2016இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, இப்புரதம் துண்டுகளாகப் பிரிந்து, சூழல் அமிலத்தன்மையுற்றும் சுண்ணாம்புச் சத்து குறைந்தும் இருக்கையில் நாராகத் திரிந்து கிருமிகளைக் கட்டிவைக்கின்றது. சுண்ணாம்புச் சத்து மிகுமாயின் அந்நார்த்தன்மை தடைப்படுகின்றது. பாலோ சுண்ணாம்புச் சத்து மிகுந்த பொருள். ஆகவே சோதனைக் குழாயில் கண்டது மடிக்குள்ளும் அவ்வாறே நிகழும் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

வேறொரு செய்தியையும் மறைத்தலாகாது. 2001ஆம் ஆண்டு ஆய்வில் மடிநோய் மாடுகளிலிருந்து எடுத்த 350 வகைகளைச் சோதித்ததில், அவற்றுள் 5 சதவீதத்தில் மட்டுமே பேப் மரபணு இருந்தது. மனிதரிடமிருந்து எடுத்தவற்றில் அது காணப்படவேயில்லை. எஞ்சிய கிருமிகள் ஃபைப்ரோனெக்டின் பற்றும் புரதங்களைக் கொண்டோ, சர்க்கரைப் பசையைக் கொண்டோ படலம் அமைக்கின்றன. ஒரு புரதத்தை அடக்கிவிட்டால் நோயே ஒழியும் என்று சில வேளைகளில் பத்திரிகைகளில் எழுதுவது எவ்வளவு அவசரமானது என்பது இதனால் விளங்கும். ஸ்டாஃபிலோகாக்கஸின் பசைப்பொருளையும் ஈ.கோலையையும் கொண்டு செய்த தடுப்பு மருந்து ஒன்று 2009இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதுவும் நோயின் அளவையும் கடுமையையும் குறைக்க உதவுவதே தவிர, முற்றும் தடுப்பதன்று.

மருந்து தோற்பது ஏன்?

ஆய்வுச்சாலையின் அறிக்கைக்கு இப்போது திரும்புவோம். அங்கே சோதிக்கப்படுவது படலத்தை விட்டு நீங்கித் தனித்தனியே பெருகும் கிருமி. ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் அது விரைந்து வளர்கின்றது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள், கிருமி புதுச்சுவர் கட்டும்போது அவ்வேலையைக் கெடுத்து அதனைக் கொல்பவை. ஆகவே விரைந்து வளரும் கிருமி விரைந்து மடிகின்றது. அறிக்கையும் சாதகமாக வருகின்றது. மடியில் உள்ள படலத்தின் அடியடுக்கிலோ உணவும் காற்றும் குறைவு. அங்குள்ள கிருமிகள் வளராமல் உறங்கியபடி இருக்கின்றன. சுவர் கட்டாத கிருமியைச் சுவரைக் கெடுக்கும் மருந்து என்ன செய்யும்? பசை மருந்தைச் சிறிது தடுப்பதும் உண்டு. படலத்தில் உள்ள கிருமியைக் கொல்ல, மிதக்கும் கிருமிக்கு வேண்டியதைப்போல் பத்து முதல் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து மேலடுக்கைக் கொல்கின்றது, வீக்கம் வடிகின்றது, பால் தெளிகின்றது. நாள் செல்லச் செல்ல அடியடுக்கு விழிக்கின்றது. படலத்திலிருந்து கிருமிகள் பிரிந்து மீண்டும் பாலில் மிதக்கின்றன. மாட்டுக்காரர் அதைப் புதுநோய் என்று எண்ணுகிறார். பல சமயங்களில் அது பழைய நோயின் மறுவரவே.

இவ்வுண்மையின் சாயலை ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். தம் பற்களில் படிந்த வெண்மாவை 1683இல் தம்முடைய பூதக் கண்ணாடியில் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் அவர். காடியை வாயிலிட்டுக் கொப்பளித்தபோது படிவின் வெளிப்புறத்து உயிர்களே மடிந்தன என்றும், உள்ளே இருந்தவற்றைக் காடி எட்டவில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதனைக் காட்டக் கருவிகள் வேண்டா. ஒரு கண்ணாடித் தம்ளரில் சிறிது பாலைத் தடவி, நீர் ஊற்றி மூன்று நாள் வைத்திருக்கலாம். பின்னர் நீரைக் கொட்டி வேறு நீரால் பலமுறை அலசினும் உட்புறத்தை விரலால் தொட்டால் வழுவழுப்பு நீங்கியிராது. தேங்காய் நாரால் ஒருமுறை தேய்த்தால் நீங்கிவிடும். சோதனைக்குப்பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்தல் வேண்டும். நீர் ஓடுவதால் மட்டும் தூய்மை உண்டாவதில்லை, தேய்த்தலே படலத்தைப் பெயர்க்கின்றது என்பதைப் பிள்ளைகள் தம் விரலாலேயே அறிவார்கள். பால் கேனைக் கழுவுவதில் நேரும் தவறும் இங்கேதான். தேய்க்காமல் கிருமிநாசினியை ஊற்றினால் அது மேலடுக்கோடு தீர்ந்துபோகும். பால் கொடுத்துவந்தவுடன் கேனைத் தண்ணீரால் அலசி, சோடாக் கரைசலும் தூரிகையும் கொண்டு உட்புறத்தையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் தேய்த்து, அதன்பின்னரே வெந்நீரோ நாசினியோ ஊற்றி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். இம்முறை மாறலாகாது. இக்கிருமி பாலில் பெருகிவிட்டால் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாதது. காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு நிற்கும்.

தொழுவத்தில் செய்யத்தக்கவை

படலம் அமைந்தபின் போரிடுவதைவிட ஒட்டுமுன் தடுப்பதே எளிது. இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துப் பாற்பண்ணை ஆராய்ச்சிக் கழகத்தில் டாட், நீவ், கிங்வில் ஆகியோர் 1960களில் வகுத்த முறையின் உயிர்நாடி, கறந்து முடித்தவுடன் ஒவ்வொரு காம்பையும் கிருமிநாசினிக் கரைசலில் தோய்த்தெடுப்பது. இப்போது அரை முதல் ஒரு சதவீத அயோடினுள்ள, தோலை வறளச் செய்யாத கரைசல்கள் கிடைக்கின்றன. கறக்கும்போது காம்பில் படிந்த கிருமி இன்னும் நன்கு ஒட்டியிராத நேரம் அது. தனித்த கிருமியாதலின் எளிதில் மடியும். கறந்தபின் காம்பின் துவாரம் அரைமணி நேரத்துக்கு மேலும் நன்கு மூடியிராது. அவ்வேளையில் தீவனம் வைத்தால் மாடு படுக்காமல் நின்றுகொண்டிருக்கும். லயங்களை ஒட்டிய சிறு தொழுவங்களில் மழைக்காலத்தில் தரை காய்வதே இல்லை; அங்கே இச்சிறு உபாயத்தின் பயன் பெரிது.

நோயுற்ற மாட்டை இறுதியாகக் கறக்க வேண்டும். கெட்ட பாலைத் தொழுவத் தரையிலேயே பீய்ச்சும் வழக்கத்தை விடச் செய்தல் வேண்டும். தனிப் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்துக. வீக்கம் வடிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன நாட்களுக்கு முன்னரே மருந்தை நிறுத்துவது, மேலே விளக்கியவாறு, அடியடுக்கை வளர்ப்பதாகும். மருந்து உறையில் குறித்த நாட்கள் கழியுமுன் அப்பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. நெடுநாள் நோயுற்ற காம்புக்குச் சிகிச்சை செய்யத் தக்க காலம் பால் வற்றும் காலமே. அப்போது செலுத்தும் மருந்து கறவையால் வெளியேறாமல் பல நாள் உள்ளே தங்குகின்றது. எம்மருந்து, எத்தனை என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

நோய் வெளித்தெரியாமல் மறைந்திருக்கும் மாட்டைக் கண்டறிய, 1957இல் கலிபோர்னியாவில் சால்ம், நூர்லாண்டர் இருவரும் அமைத்த சோதனை இன்றும் பயன்படுகின்றது. நான்கு குழிகளுள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பிடித்து, சமஅளவு சோதனைக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், வெள்ளணுக்கள் மிகுந்த பால் கூழாகத் திரளும். கரைசல் அவ்வணுக்களை உடைத்து டி.என்.ஏ.யை வெளிப்படுத்துவதே அதற்குக் காரணம். நலமான மடியில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்கு உட்பட்டே அணுக்கள் இருக்கும். உரிய கரைசல் கிடைக்காவிடத்து, வீட்டில் துணி துவைக்கும் தூளை 100 பங்கு நீருக்கு 3 பங்கு கரைத்துப் பயன்படுத்தலாம். பாகிஸ்தானில் பைசலாபாத் கால்நடை மருத்துவர்கள் பரப்பிய எளிய முறை இது. ஈன்ற முதல் வாரத்தில் சீம்பாலுக்கும், பால் வற்றும் தறுவாயில் உள்ள பாலுக்கும் இச்சோதனை நம்பத்தக்கதன்று.

சித்தூர்ப் பகுதியினர் மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவது வழக்கம். மடியின் பெருமையையும் கன்றின் துள்ளலையும் பார்த்து விலை பேசுகிறார்கள். சந்தைக்குப் போகும் விவசாயியிடம் அத்தட்டையும் ஒரு புட்டி கரைசலையும் கொடுத்தனுப்பி, முன்பணம் தருமுன் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பிடித்துப் பார்க்கச் சொல்லலாம். விற்பவர் முகம் சுளிக்கக்கூடும். அவ்வாறு பார்த்து வாங்கிய மாட்டையும் வீட்டில் உள்ளவற்றோடு உடனே சேர்க்காமல் சில நாள் தனியே கட்டி, மற்றவற்றைக் கறந்தபின் கறந்து, மறுமுறை சோதித்தபின் சேர்த்தல் வேண்டும்.